விண்டோஸ் சர்வரா, லினக்ஸா: எதில் முதலில் கை வைப்பது?

சர்வர் நிர்வாகம் கற்க வருகிறவர் முதல் நாளே இதைக் கேட்பார். பதில் சொல்பவரோ, தான் எதில் பிழைப்பு நடத்துகிறாரோ அதையே கைகாட்டுவார். என் வேலையில் முக்கால் பங்கு லினக்ஸ் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

பாடத்திட்டங்களில் இன்னமும் ‘நெட்வொர்க் இயங்குதளம்’ என்றொரு தலைப்பு இருக்கிறது. 1983-இல் நோவெல் நிறுவனம் நெட்வேர் என்ற இயங்குதளத்தைக் கொண்டுவந்த காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. மேசைக் கணினியில் ஓடிய டாஸுக்கு நெட்வொர்க் என்றால் என்னவென்றே தெரியாது. கோப்புகளையும் பிரிண்டரையும் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ள, அதற்கென்றே தனி இயங்குதளம் தேவைப்பட்டது. இன்று கைப்பேசிகூட நெட்வொர்க்கோடுதான் பிறக்கிறது. ஆகவே ‘எது சிறந்த நெட்வொர்க் இயங்குதளம்’ என்று ஒப்பிடுவதில் பயனில்லை. எது எந்தப் பாடத்தைச் சொல்லித்தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். லினக்ஸ் ஒரு கணினியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும். விண்டோஸ் சர்வர் ஒரு நிறுவனத்தின் ஆட்களையும் கணினிகளையும் எப்படிக் கட்டி மேய்ப்பது என்பதைக் காட்டும். இரண்டும் வேறு வேறு பாடங்கள்.

லினக்ஸின் பெரிய அனுகூலம், அமைப்புகள் பெரும்பாலும் எழுத்துக் கோப்புகளாக இருப்பது. எது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், கெடுக்கலாம். கெடுப்பதுதான் இதில் முக்கியம். ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, கூடுதலாக இணைத்த வட்டின் அடையாள எண்ணில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் துவக்கிப் பாருங்கள். கணினியின் துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி, இல்லாத அந்த வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். பிறகு கணினி அவசர நிலையில் போய் நின்றுவிடும். கோப்பைத் திருத்தி, அந்த வரியில், வட்டு இல்லாவிட்டாலும் துவக்கத்தைத் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்த்துவிட்டு எழுந்து வருகிறவர், கணினி எந்த வரிசையில் விழித்தெழுகிறது என்பதை இரண்டு அத்தியாயம் படித்தவரைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்.

இதில் நான் பட்ட அடி ஒன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொலைவில் இருந்த ஓர் உபுண்டு லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மூலம் நுழைந்து, யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை இயக்கினேன். ‘இப்போதுள்ள எஸ்எஸ்எச் இணைப்புகள் பாதிக்கப்படலாம், தொடரவா?’ என்று அது கேட்டது. ஆம் என்றேன். இணைப்பு அறுபடவில்லை, ஒரு கட்டளை தட்டிப் பார்த்தேன், பதில் வந்தது. நிம்மதியாக வெளியேறினேன். அதன் பிறகு உள்ளே போக முடியவில்லை. ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பை விட்டுவைத்த ஃபயர்வால், புதிதாக வருபவற்றுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டல்லவா அதை இயக்கியிருக்க வேண்டும்! அன்றிலிருந்து, ஃபயர்வாலில் கை வைத்தால் இரண்டாவது சன்னலில் புதிதாக ஓர் இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்காமல் முதல் சன்னலை மூடுவதில்லை.

சரி, லினக்ஸ் என்றால் எந்த லினக்ஸ்? டெபியனா உபுண்டுவா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. ஒன்றைக் கற்றால் மற்றது ஒரு வாரத்தில் வந்துவிடும். ரெட் ஹாட் குடும்பம்தான் நிஜமான மாற்று. அதை டெபியனிலிருந்து பிரிப்பது மென்பொருள் நிறுவ ஆப்டுக்குப் பதில் டிஎன்எஃப் என்பது மட்டுமே என்று நினைப்பவர்கள், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று காவல் காக்கும் எஸ்இலினக்ஸைச் சந்திக்காதவர்கள். உங்கள் ஹோம் கோப்புறையில் ஒரு வலைப்பக்கத்தை எழுதி, எம்வி கட்டளையால் வெப் சர்வரின் கோப்புறைக்கு நகர்த்துங்கள். உரிமையாளர் சரி, அனுமதிகளும் சரி. எல்லோரும் வாசிக்கலாம் என்றே இருக்கும். உலாவியிலோ 403, அதாவது அனுமதி இல்லை, என்று வரும். எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: கோப்பின் மேல் இன்னும் ‘பயனரின் ஹோம்’ என்ற முத்திரை இருக்கிறது. நகர்த்தினால் பழைய முத்திரை கூடவே வரும். சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். ரீஸ்டோர்கான் என்ற ஒற்றைக் கட்டளை இதைச் சரிசெய்துவிடும். ஆனால் பலர் செய்வது என்ன? எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதுபோல. உபுண்டுவில் அப்ஆர்மர் இதே காவலைச் செய்கிறது. ஆனால் ஆரம்பத்தில் இவ்வளவு குறுக்கே வராது. அதனாலேயே முதல் மூன்று மாதம் உபுண்டு, பிறகு ரெட் ஹாட் குடும்பம் என்பது என் வரிசை.

ரெட் ஹாட்டின் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ்ஸைப் பதிவிறக்கச் சொல்லும் பழைய பயிற்சிக் குறிப்புகளை மட்டும் தள்ளிவையுங்கள். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி சென்ட்ஓஎஸ் 8 அடுத்த ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. அந்த இடத்தை ராக்கி லினக்ஸும் ஆல்மாலினக்ஸும் பிடித்துக்கொண்டன. அசல் ரெட் ஹாட்தான் வேண்டும் என்றால், தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தாவில் 16 கணினிகள் வரை இலவசமாக நிறுவலாம். லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி அழகானது, முதல் பாடமாக வேண்டாம்.

இனி விண்டோஸ். மவுஸால் சொடுக்கி வேலை முடிப்பதுதான் விண்டோஸ் நிர்வாகம் என்று லினக்ஸ்காரர்கள் கேலி செய்வது பழைய கதை. விண்டோஸைக் கட்டளைகளால் நிர்வகிக்க உதவும் பவர்ஷெல் 2006-லேயே வந்துவிட்டது. வரைகலைத் திரை இல்லாத சர்வர் கோர் 2008-இல் வந்தது. ஆனாலும் கேலியில் பாதி உண்மை இன்னும் இருக்கிறது. கற்கிறவர்கள் நிறுவும்போதே முழுத்திரை வகையைத் தேர்ந்தெடுத்து, சர்வர் மேனேஜரில் சொடுக்கிச் சொடுக்கி ஒரு டொமைனை (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் பயனர்கள், கணினிகளின் தொகுப்பு) எழுப்பிவிடுகிறார்கள். நேற்று செய்ததை இன்று திரும்பச் செய்யச் சொன்னால் விழிக்கிறார்கள். லினக்ஸில் கட்டளை வரலாறாவது மிஞ்சும். சொடுக்கியதற்கு அப்படி எதுவும் மிஞ்சாது.

விண்டோஸ் சர்வரைக் கற்பதற்கு என் கணக்கில் ஒரே காரணம்தான் உண்டு, அது பெரிய காரணம்: நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000-உடன் வந்த இதற்கு ஈடான அனுபவத்தை லினக்ஸ் பக்கம் எதுவும் எளிதில் தராது. டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் ஒன்று, ஒரு சாதாரண விண்டோஸ் கணினி என்று இரண்டே மெய்நிகர் கணினிகள் போதும். கணினியை டொமைனில் சேர்க்கப் பாருங்கள். பெரும்பாலும் முதல் முறை ‘டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்றுதான் வரும். பிங் போகும், கேபிளும் சரியாக இருக்கும். சிக்கல், பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் இருக்கும்: அந்தக் கணினி இன்னும் வீட்டு ரவுட்டரிடம் பெயர் விசாரித்துக்கொண்டிருக்கும். டொமைனுக்கு யார் பொறுப்பு என்பதை எஸ்ஆர்வி பதிவுகளாக எழுதி வைத்திருப்பது டொமைனின் டிஎன்எஸ். அதை ரவுட்டர் அறியாது. கணினியின் டிஎன்எஸ் முகவரியை டொமைன் கன்ட்ரோலருக்கு மாற்றியதும் சேர்ந்துவிடும். அடுத்து, டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிட வேறுபாட்டைத்தான். இணைந்த கணினி தன் கடிகாரத்தை டொமைனிடமிருந்தே திருத்திக்கொள்ளப் பார்க்கும் என்பதால் சில சமயம் ஒன்றுமே கெடாது; ஏன் கெடவில்லை என்று தேடுவதும் பாடம்தான். டிஎன்எஸ், நேரம், அடையாளம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதை இவ்வளவு கறாராகக் காட்டும் இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு லினக்ஸில் விண்டோஸ் கணினிகளுக்குச் சேவை தரும் மென்பொருளான சாம்பாவுக்குப் போனால், 4.0 பதிப்பிலிருந்து அதுவே டொமைன் கன்ட்ரோலராக நிற்பதன் அருமை விளங்கும்.

உரிமம்தான் இந்தப் பக்கத்தின் தலைவலி. மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் ஓடும். கெடு முடிந்தால் மணிக்கொரு தரம் தானாகவே அணைந்துவிடும். டொமைன் கன்ட்ரோலராக ஆக்கிவிட்ட மதிப்பீட்டுப் பதிப்பை நேரடியாக முழுப் பதிப்பாக மாற்றவும் வழி தர மாட்டார்கள். வேறொரு கன்ட்ரோலரை எழுப்பிப் பொறுப்புகளை அதற்கு மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள், அதையும் பவர்ஷெல் நிரலால். இரண்டாம் முறை அரை மணியில் முடிந்துவிடும்.

எனவே வரிசை: முதலில் உபுண்டு, நடுவில் ஆக்டிவ் டைரக்டரி, பிறகு ரெட் ஹாட் குடும்பம். பல கிளைகளுள்ள அலுவலகத்தில் பயனர் கணக்குகளைப் பராமரிக்கும் வேலைதான் கிடைக்கப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டும் முதல் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

சான்றிதழிலும் இரண்டு பக்கத்தின் குணமும் தெரிகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பழைய எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழ்களை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அவற்றுக்குப் பின் வந்த விண்டோஸ் சர்வர் தேர்வுகளான ஏஇசட்-800, 801 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகம் கலந்தே வந்தது. சொந்த சர்வர் அறையை மட்டும் படித்துவிட்டுப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் விடையைக் குறித்துவிட்டு வரும் வேலையே கிடையாது. நிஜக் கணினியைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள், செய்த அமைப்புகள் மறுதுவக்கத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்பது விதி. ஃபயர்வால் கட்டளையில் ‘பெர்மனென்ட்’ சேர்க்க மறந்தவருக்கு அந்தக் கணம்வரை எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும்.