பாலடின் எடுக்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

உப்புவெளியில் புதிதாக ஒரு டி அண்ட் டி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) குழு சேருகிறதாம். பாலடின், அதாவது சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரன், எடுக்கலாமா என்று மச்சான் ஒருவன் கேட்டான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தை வைத்து வருடக்கணக்கில் ஒரே பாலடினை ஆடி வருகிறவன் நான். ஸ்மைட் என்ற தெய்வ அடி எவ்வளவு அடிக்கும், கைவைத்து எத்தனை புள்ளி குணமாக்கலாம் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எரிச்சல் எல்லாம் அந்தச் சத்தியத்தால்தான். மூன்றாம் லெவலில் பாலடின் ஒரு சத்தியம் எடுக்க வேண்டும்; நான் டிவோஷன் எடுத்தேன்: பொய் கூடாது, வாக்கு மாறக் கூடாது, எளியவரைக் காக்க வேண்டும். அன்றிலிருந்து மேசையில் என் பெயர் அரிச்சந்திரன். வாசல் காவலனிடம் எங்கள் ரோக் (குழுவின் திருடன்) கதை அளந்தால் டி.எம். (ஆட்டத்தை நடத்துகிறவன்) அவனைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறான். "நீ பேசாமல் நிற்கிறாயே, அதுவும் பொய்தானே?"

ஒருமுறை சரணடைந்த கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்கு உயிர் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். விட்டால் அது கூட்டத்தோடு வந்து கிராமத்தை எரிக்கும். கொன்றால் சத்தியம் போச்சு. எந்தப் பக்கம் போனாலும் விழும்படி கட்டி வைத்துவிட்டு "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பதில் என்ன கெட்டித்தனம்?

புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு போன்ற பழையவற்றில்தான் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தாலும் சக்தி போய்விடும். ஐந்தாம் பதிப்பில் தவறியவன் தன் மதத்துக் கிளெரிக்கிடம் (பூசாரியிடம்) மன்னிப்புக் கேட்கலாம், இரவு முழுக்க விழித்திருந்து பிரார்த்திக்கலாம். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் கண் விழிக்கும் ஊர்க்காரருக்கு இது புரியாதா? வருந்தாமல், வேண்டுமென்றே மீறுகிறவனுக்குத்தான் பெரிய தண்டனை, அதுவும் டி.எம். நினைத்தால். எங்கள் ஆட்கள் அந்தப் பகுதியை மட்டும் வாசிப்பதே இல்லை.

அப்புறம் அந்தக் கோப்ளின். கயிற்றால் என்னோடு கட்டிக்கொண்டு நடந்தேன். என் சாப்பாட்டில் பாதி அதற்கு. இரவில் ரோக் கத்தியோடு வந்தபோது குறுக்கே படுத்துக்கொண்டேன். அன்றைக்கு டைஸ் உருளவே இல்லை, வாக்குவாதம்தான். கரண்ட் போன பிறகும் ஃபோன் வெளிச்சத்தில் அடித்துக்கொண்டோம். கிராமத்துக்கு வேறு பாதை உண்டு என்று கடைசியில் அந்தக் கோப்ளினே வாய் திறந்தது. டி.எம். அதை யோசித்து வைத்திருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. சத்தியம் எதுவும் இல்லாத வெறும் வாள்வீரனான ஃபைட்டராக இருந்திருந்தால் ஒரே வெட்டு, விஷயம் முடிந்திருக்கும். இப்படி ஓர் ஆட்டம் வேறு எந்தக் கிளாஸிலும் (பாத்திர வகையிலும்) எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனாலும் மச்சான், எடுக்காதே. வாராவாரம் விசாரணைக் கூண்டில் நிற்க உனக்குப் பொறுமை கிடையாது. என்னுடையதை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன், அது வேறு கதை.

எடுத்தே தீருவேன் என்றால் முதல் ஆட்டத்துக்கு முன்பே டி.எம்.மிடம் கேட்டு வை: மற்றவன் செய்யும் பாவம் என் கணக்கில் ஏறுமா? சத்தியம் தவறினால் திரும்பி வர வழி தருவாயா? மழுப்பினால் பேசாமல் ஃபைட்டரை எடு.