மழையில் இறுகும், கோடையில் வழுக்கும்: ஒரு நிலைத்தள ரவுட்டருடன் எட்டு ஆண்டுகள்

சென்ற வாரம், மரத்தில் விளிம்பும் பள்ளமும் செதுக்கும் மின்கருவியான என் ரவுட்டரின் கிளாம்ப் போல்ட்டில் (மோட்டாரை இறுக்கிப் பிடிக்கும் திருகு) மரை தேய்ந்துபோய்விட்டது. ரங்கூனில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் புதிதாக ஒன்று கடைந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அன்று மாலையே, மோல்மீனிலிருந்து என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, நிலைத்தள ரவுட்டர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், உங்களுடையது எப்படி உழைக்கிறது?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று அவனுக்கு நான் சொன்ன பதிலில் எரிச்சலே மிகுதியாக இருந்தது. அதனால் இப்போது சற்று ஆறிய மனத்துடன் எழுதுகிறேன்; முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இது என் மைத்துனர் 2017ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கருவி. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று எழுதப்போவதில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறை அந்த வகைக்கே ஓரளவு பொதுவானது. மோட்டார் ஒரே உயரத்தில் தளத்தோடு இறுக்கப்பட்டு நிற்கும் நிலைத்தள ரவுட்டரின் சந்தை பெரும்பாலும் வட அமெரிக்காதான். மற்ற நாடுகளில், நம் ஊரையும் சேர்த்து, கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும், அழுத்தினால் மோட்டார் கீழிறங்கும் பிளஞ்ச் ரவுட்டர்களும் ஒரு கையில் பிடிக்கும் சிறு டிரிம்மர்களுமே. அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டில் ஓடுவது, நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அலைவெண் 60 என்பது 50 ஆவதால் இதன் மோட்டார் வகைக்குப் பாதகமில்லை, ஆனால் வோல்ட் மாறினால் எரிந்துவிடும். 12 ஆம்பியர் இழுக்கும் என்று தகட்டில் போட்டிருந்ததால், 120ஆல் பெருக்கினால் 1,440 என்று கணக்கிட்டு, பாதுகாப்பாக 2,000 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கினேன். ரவுட்டரின் எடை இரண்டு விசைக்குச் (சுமார் மூன்றேகால் கிலோ) சற்று மேல், அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும். வெளி வேலைக்குப் போகும்போதெல்லாம் மைத்துனரின் அன்பை நான் இடுப்பால் உணர்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ வராதோ. கதவுச் சட்டத்தின் விளிம்பில் வளைவு எடுப்பதற்கும், காடி எனும் நீளப் பள்ளம் ஓட்டுவதற்கும், கீல் பதிக்கும் பள்ளத்தைத் தோண்டுவதற்கும் இதைப்போல் கைக்கு அடங்கிய கருவியை நான் பார்த்ததில்லை. பிளஞ்ச் ரவுட்டரில் மோட்டார் இரண்டு கம்பங்களின் மேல் உயரத்தில் நிற்கும். கைப்பிடிகளும் மேலேயே இருக்கும். ஓர் அங்குலக் கனமுள்ள சட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்தும்போது தலை கனத்துச் சாயப் பார்க்கும். நிலைத்தளத்தில் கைப்பிடிகள் மரத்தை ஒட்டி, கிட்டத்தட்ட அடித்தட்டின் மட்டத்திலேயே இருப்பதால், உள்ளங்கையின் ஓரம் மரத்தைத் தொட்டுக்கொண்டே போகும். இழைப்புளியைப் பிடித்துப் பழகிய கைக்கு இந்த உணர்வு உடனே பிடிபட்டுவிடும். மின்சாரம் சுழற்சி முறையில் வரும் ஊரில், விளக்கு அணையப்போகிறது என்று தெரிந்தும் அவசரமாகக் கடைசி விளிம்பை முடித்த இரவுகளில்கூட இது ஒரு முறையும் சாய்ந்து மரத்தைக் கடித்ததில்லை. எட்டு ஆண்டுகளில் அந்த ஒரு விஷயத்தில் இதன்மீது எனக்குக் குறையே கிடையாது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். நிலைத்தள ரவுட்டரில் மோட்டார் ஓர் உருளை. அது அலுமினியத்தாலான ஒரு குழலுக்குள் இறங்கி உட்காரும். குழலின் ஒரு பக்கம் பிளந்திருக்கும். லீவரை அழுத்தினால் பிளவு நெருங்கி மோட்டாரை இறுக்கிப் பிடிக்கும். ஆழம் மாறாமல் இருப்பது முழுவதும் இந்தப் பிடியை நம்பித்தான். காகிதத்தில் பார்த்தால் இதைவிட எளிமையான ஏற்பாடு இருக்க முடியாது. ரங்கூனில் மே மாத இறுதியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடுவதில்லை. அந்த ஐந்து மாதங்களில் அலுமினியக் குழலின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் பூக்கும். அதில் ஈரத் தூள் ஒட்டி அப்பிக்கொள்ளும். லீவரை முழுவதும் தளர்த்தினாலும் மோட்டார் அசையாது. ஆழத்தை அரை மில்லிமீட்டர் மாற்றுவதற்கு, அடித்தட்டைத் தொடையிடுக்கில் வைத்து, மோட்டாரை இரு கைகளாலும் முறுக்கி, கடைசியில் அது படாரென்று இளகும்போது மூன்று மில்லிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். நுண்திருத்த வளையத்தில் எண்கள் எவ்வளவு அழகாகப் பொறித்திருந்தால்தான் என்ன?

முதல் மழைக்காலத்தில் நான் செய்தது, லீவரின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நட்டைத் தளர்த்தியது. அப்படிச் செய்ததும் மோட்டார் வழுவழுவென்று ஏறி இறங்கியது. தீர்வு கண்டுவிட்டதாக மகிழ்ந்தேன். அடுத்து மார்ச்சில் ஒரு பழைய வீட்டுக்குத் தேக்குக் கதவுகள் செய்ய ஒப்புக்கொண்டேன், பலகை பொருந்தும் காடி எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், முதல் கதவில் அளந்தேன், சரியாக இருந்தது, இரண்டாவதில் அளக்கவில்லை. நான்காவது கதவின் சட்டத்தைப் பொருத்தும்போது பலகை உள்ளே ஆடியது. அளந்து பார்த்தால் ஒன்பதரை. மோட்டாரின் எடையும் அதிர்வும் சேர்ந்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்கியிருக்கிறது. நல்ல தேக்கில் நான்கு நீளச் சட்டங்கள் வீணாயின. அன்று நான் அந்தக் கருவியைச் சொன்ன வார்த்தைகள் எதுவும் எழுத்தில் வரக்கூடாதவை.

நியாயமாகச் சொன்னால் அதில் பாதிக் குற்றம் என்னுடையது. மழையில் தளர்த்திய நட்டைக் கோடையில் மறுபடி இறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய தவறு, குழல் இளகுவதற்காக நான் தையல் இயந்திர எண்ணெய் விட்டது. எண்ணெய் முதல் வாரம் உதவும். பிறகு தேக்கின் நுண்தூளைக் குழைத்துப் பசையாக்கும். மழையில் அந்தப் பசை இறுகும், வெயிலில் அதுவே வழுக்கும். இதை நான் உணர மூன்று ஆண்டுகள் ஆயின. இப்போது செய்வது இதுதான்: மாதத்துக்கு ஒரு முறை மோட்டாரைக் கழற்றி, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் குழலின் உட்புறத்தையும் மோட்டாரின் வெளிப்புறத்தையும் தேய்த்து, இரும்புத் தூள் மோட்டாரின் காற்றுத் துவாரத்தில் போகாதபடி துணியால் மூடித் துடைத்து, மரச்சாமானுக்குப் பூசும் கட்டி மெழுகை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து எடுத்துவிடுவேன். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெழுகு மிஞ்சினால் அதுவும் வழுக்கும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு நான்கு வாரம் மரியாதையாக நடந்துகொள்கிறது. ஐந்தாவது வாரம் பழைய குணம் திரும்பிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு இப்படி மாதப் பூசை செய்ய வேண்டுமா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு மாதமும் எழுகிறது.

ஆழம் மாறியதற்கெல்லாம் கிளாம்பே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. நம் கடைத்தெருவில் ஒரே பெட்டிக்குள் ஆறு மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் கலந்து கிடக்கும் பிட்டுகளை, அதாவது ரவுட்டரில் மாட்டும் வெட்டுமுனைகளை, விற்கிறார்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் தண்டைக் கால் அங்குலக் காலெட்டில், அதாவது பிட்டின் தண்டைப் பிடிக்கும் வளையத்தில், போட்டு முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும். ஓடும்போது பிட் மெல்ல வெளியே ஊர்ந்து வரும். பன்னிரண்டு மில்லிமீட்டருக்கும் 12.7 ஆன அரை அங்குலத்துக்கும் இதே கதைதான். ஊர்ந்து வரும் பிட் ஆழத்தை மட்டும் கெடுக்காது, ஆளையும் கெடுக்கும். தண்டை முழுவதும் அடிவரை தள்ளிவிட்டு இறுக்குவதும் தவறு. அடியில் முட்டிய தண்டு காலெட்டைச் சரியாக இறுக விடாது. தொட்டபின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். முடிந்தவரை அரை அங்குலத் தண்டையே வாங்கச் சொல்வேன். தடிமன் இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் விறைப்பு பதினாறு மடங்காகிறது என்பதை, தேக்கைவிடக் கடினமான பின்கடோ மரத்தில் ஒரு முறை காடி ஓட்டிப் பார்த்தவர்கள் கணக்குப் போடாமலே ஒப்புக்கொள்வார்கள்.

தேக்கைப் பற்றியும் ஒரு சொல். அறுக்கும்போது வெண்ணெய்போல் இருந்தாலும் அதனுள் மணலுக்கு இனமான சிலிக்கா இருக்கிறது. சாதாரண எஃகுப் பிட்டின் முனையை ஒரு பகலில் மழுக்கிவிடும். கார்பைடு முனை அல்லாததை இங்கே வாங்குவது வீண்செலவு. பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கவும் மறக்கக்கூடாது: ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 25,000 சுற்று ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 235 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வேகத்தைக் குறைக்க முடியாத ரவுட்டரில் அத்தகைய பிட்டை மாட்டவே கூடாது.

பழுதுபார்ப்பைப் பொறுத்தவரை, கருவியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பேரிங்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் அதே அளவு எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கிறது. இரண்டு முறை மாற்றிவிட்டேன், சத்தம் புதிதுபோல் ஆகிவிட்டது. கார்பன் பிரஷ்ஷும் ஒரு முறை தேய்ந்தது. கிடைக்காதது அந்த நிறுவனத்துக்கே உரிய உதிரிகள்: கிளாம்ப் போல்ட், லீவர், காலெட். இங்கே போல்ட் கடைகளில் உள்ளவை மில்லிமீட்டர் மரை, இதுவோ அங்குல மரை. அதனால்தான் சென்ற வாரக் கடைசல் செலவு. கடைசல்காரர் பழைய போல்ட்டை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதை இவ்வளவு மென்மையான இரும்பில் ஏன் செய்தார்கள்?" என்று கேட்டார். எட்டு ஆண்டுகளாக நானும் கேட்கும் கேள்விதான்.

மருமகனுக்கு நான் இப்போது சொல்வது, வாங்காதே என்பதுதான். உள்ளூரில் உதிரி கிடைக்கும் 230 வோல்ட் பிளஞ்ச் ரவுட்டர் ஒன்றையும், விளிம்பு வேலைக்கு ஒரு சிறு டிரிம்மரையும் வாங்கிக்கொள்; டிரான்ஸ்ஃபார்மர் தூக்கும் வேலை மிச்சம். ஒரே மோட்டாருக்கு இரண்டு தளங்களும் சேர்த்து விற்கும் தொகுப்பு 230 வோல்ட்டில் கைக்கு வந்தால் மட்டும் யோசி. இதே கேள்வியைக் காற்று உலர்ந்திருந்த ஜனவரியில், மெழுகிட்ட மறுநாள், தேக்கு விளிம்பில் சுருள் சுருளாகச் சீவல் பறந்துகொண்டிருந்தபோது நீ கேட்டிருந்தால், வேறு பதில் சொல்லியிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. இதைச் சொன்னதும் அவன், "அப்படியானால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்கள் மாமா" என்றான். அது விற்பனைக்கு இல்லை.

எப்படியும் நிலைத்தளமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கடையிலேயே ஒரு சோதனை செய்துவிட்டு வாங்கு. பிட் மாட்டாமல், காலெட்டையும் அதன் நட்டையும் கழற்றி வைத்துவிட்டு, லீவரை இறுக்கு. மோட்டாரும் குழலும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே கோடாகப் பென்சிலால் கீறு. ஐந்து நிமிடம் ஓடவிடு. அணைத்து, முழுவதும் நின்றபின், மோட்டாரை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பார். கோடு இரண்டாக விலகியிருந்தால் அந்தப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிடு. விலகாவிட்டால் லீவரைத் தளர்த்தி, மோட்டாரை இரண்டே விரலால் உயர்த்த முடிகிறதா என்றும் பார். கடைக்காரர் ஓடவிட ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு கடைக்குப் போ.