நோட்டில் நான்கு மொழி, நாக்கில் எத்தனை?

சுவிட்சர்லாந்துப் பணத்தாளில் நான்கு மொழிகள் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, 'அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாலு பாஷை தண்ணீர்பட்ட பாடு' என்று சொல்பவர்கள் உண்டு. நம் ரூபாய் நோட்டில் 17 மொழி இருக்கிறது. நமக்கு எத்தனை வருகிறது?

ஆகவே நாட்டின் ஆட்சிமொழிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, அங்கே வளரும் பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

சுவிஸில் 26 கன்டோன்கள், நம் மாநிலங்கள் மாதிரி. பெர்ன், ஃபிரிபூர், வாலே மூன்றும் இருமொழி, கிராவ்புண்டன் மும்மொழி. மற்ற 22-இல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழிதான். சூரிச்சில் பிறந்த பிள்ளைக்கு பிரெஞ்சு ஒரு பாடம், அவ்வளவே. அந்தப் பாடமும் தொடக்கப் பள்ளியில் வேண்டாம் என்று 2025-இல் சூரிச் கன்டோன் சபை வாக்களித்தது. அங்கே பிள்ளை நிஜமாகவே தாண்டும் மொழி வேலி வேறு: வீட்டிலும் தெருவிலும் சுவிஸ் ஜெர்மன், நோட்டுப்புத்தகத்தில் எழுத்து ஜெர்மன். நாம் 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று பேசி 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோமே, அதே கதை. ஜெனீவாவில் எழுத்து ஜெர்மனைக் கஷ்டப்பட்டுப் படித்த மாணவன் சூரிச்சில் ரயிலைவிட்டு இறங்கினால், காதில் விழுவது அவன் படித்த ஜெர்மன் இல்லை. கடைசியில் இரண்டு சுவிஸ்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதும் நடக்கிறது. இந்த நாட்டில் மொழி விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள் என்று நான் சொல்வது ஈழத்தமிழ்ப் பிள்ளைகளைத்தான். தெருவில் ஒரு ஜெர்மன், பள்ளியில் ஒரு ஜெர்மன். வீட்டில் ஒரு தமிழ், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இன்னொரு தமிழ்.

பெல்ஜியம் இன்னும் கறார். 1960-களின் தொடக்கத்தில் டச்சுப் பகுதிக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் நடுவே மொழி எல்லையைக் கோடு போட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப்பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழி பற்றிய கேள்வியே கிடையாது. 1968-இல் லூவன் பல்கலைக்கழகம் மொழிவாரியாகப் பிரிய முடிவானபோது, நூலகப் புத்தகங்களை ஒற்றைப்படை எண் உனக்கு, இரட்டைப்படை எண் எனக்கு என்று பங்கு போட்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைகூட இவ்வளவு சுத்தமாக நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. பிரஸ்ஸல்ஸ் சட்டப்படி இருமொழி நகரம். ஆனால் அங்கும் பள்ளி ஒன்று டச்சு, இல்லையேல் பிரெஞ்சு. பிரெஞ்சு பேசும் பெற்றோர் பலர் பிள்ளையைக் கொண்டுபோய் டச்சுப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அரசு செய்யாததைப் பெற்றோரே செய்துகொள்கிறார்கள்.

இந்த இரண்டும் பல மொழி நாடுகள்தான். ஆனால் குடிமகன் ஒரே மொழியோடு காலம் தள்ளுவதற்கு வசதியாகக் கட்டப்பட்டவை. லக்சம்பர்க் இதற்கு நேர் எதிர். ஏழு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில், நாடாளுமன்ற விவாதம் லக்சம்பர்கிஷில் நடக்கும், சட்டம் பிரெஞ்சில் அச்சாகும், அந்தச் செய்தியை ஜெர்மன் நாளிதழில் படிப்பார்கள். பிள்ளையும் அப்படியே வளர்கிறது. நான்கு வயதில் மழலையர் வகுப்பில் லக்சம்பர்கிஷ், ஆறு வயதில் எழுதப் படிக்க ஜெர்மன், அடுத்த ஆண்டே வாய்மொழியாகப் பிரெஞ்சு. மேல்படிப்புக்கான பள்ளியில் கணக்குப் பாடமே பிரெஞ்சுக்கு மாறும். பிறகு ஆங்கிலம். பதினெட்டு வயதில் நான்கு மொழி என்பது அங்கே பெருமைப்பட வேண்டிய விஷயமே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஏணி, வீட்டில் லக்சம்பர்கிஷ் பேசும் பிள்ளைக்காகச் செய்தது. அதற்கு ஜெர்மன் பக்கத்து வீட்டு மொழி. நாட்டில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டவர். அவர்களில் போர்ச்சுகீசியரே அதிகம். போர்ச்சுகீசியம் பேசும் பிள்ளைக்குப் பிரெஞ்சு சட்டென்று பிடிபடும். ஆனால் அதன் கையில் முதலில் வருவது ஜெர்மன் அரிச்சுவடி. கணக்கு தெரிந்தும் ஜெர்மனில் கேட்ட கேள்வி புரியாமல் மதிப்பெண் போகிறது, பிறகு மேல்படிப்புக்கான பள்ளியும் கை நழுவுகிறது. 2022-இல்தான் நான்கு பள்ளிகளில் பிரெஞ்சில் எழுத்தறிவு தொடங்கும் சோதனை ஆரம்பித்தது. 1984-இலேயே மொழிச் சட்டம் போட்ட நாடு இதற்கு இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டாம்.

மால்டா சுருக்கமான கதை. அரபு வேரில் இத்தாலியச் சொற்கள் மண்டிய, ரோமன் எழுத்தில் எழுதும் மால்டீஸ், கூடவே ஆங்கிலம். பள்ளியில் இரண்டும் உண்டு, ஆங்கிலத்தில் பீற்றிக்கொள்ளும் வழக்கம் மட்டும் நம் ஊர்போலவே உண்டு. ஒரு தலைமுறை மொட்டைமாடி ஆன்டெனாவில் இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்தே மூன்றாவது மொழியையும் கற்றுக்கொண்டது.

எனக்கு லக்சம்பர்க்தான் பிடித்திருக்கிறது, ஆனால் வழக்கமான பள்ளி அல்ல. 2016-இல் டிஃபெர்டாஞ்சில் தொடங்கியதுபோன்ற அரசு சர்வதேசப் பள்ளிகள் அங்கே உண்டு, கட்டணம் கிடையாது. பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் மூன்றில் எதில் தொடங்குவது என்று குடும்பம் முடிவெடுக்கலாம். லக்சம்பர்கிஷும் பாடமாக இருக்கும். வேலை கிடைத்து அங்கே போகிற தமிழ்க் குடும்பம், வீடு பார்க்கும் முன் இந்தப் பள்ளிகள் எந்த ஊரில் இருக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.