சீனி பார்க்கிற மெசின்: கச்சானுக்கும் மாரிக்கும் எது தாங்கும்?

திருகோணமலை நகரத்துப் பாமசி ஒன்றில் போய் இரத்தத்தில் சீனி பார்க்கிற மெசின் இருக்கிறதா என்று கேட்டால், மூன்று நான்கு பெட்டிகளை எடுத்து மேசையில் வைப்பார்கள். பலர் மெசினின் விலையை மட்டும் கேட்டுவிட்டு, மலிவானதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மெசின் ஒரு தடவைச் செலவு. இரத்தத் துளியை வைக்க மெசினில் செருகுகிற சின்னப் பட்டியான ஸ்ரிப்போ, சீனி வருத்தம் இருக்கும்வரை வாங்க வேண்டிய சாமான். வாசிப்புப் பிழைப்பதும் பெரும்பாலும் ஸ்ரிப்பாலும் அதைப் பிடிக்கிற கையாலும்தான். ஆகவே இங்கே மெசினைப் பற்றிக் கொஞ்சமும் ஸ்ரிப்பைப் பற்றி நிறையவும் சொல்கிறோம்.

வீட்டில் ஏன் பார்க்க வேண்டும்? 2018–2019இல் நடந்த இலங்கை சுகாதார மற்றும் முதுமை ஆய்வு, நாட்டின் வளர்ந்தோரில் 23 சதவீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அரச கிளினிக்கில் மாத்திரையும் இன்சுலினும் இலவசம். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றில் எடுக்கிற எஃப்.பி.எஸ். என்ற இரத்தப் பரிசோதனை அந்த ஒரு காலைப் பொழுதைத்தான் சொல்லும். கிளினிக்குக்கு முதல் மூன்று நாள் வாயைக் கட்டினால் கொப்பியில் நல்ல எண் விழும். மற்ற 27 நாளும் என்ன நடந்தது என்பது டொக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

இனி மெசின்கள். அக்கு-செக் இன்ஸ்ரன்ற்: கோட் சிப் போடத் தேவையில்லை, 0.6 மைக்ரோலீற்றர் இரத்தம் போதும், நான்கு செக்கனுக்குள் எண் வந்துவிடும். திரையின் ஓரத்தில் நிறப் பட்டை ஒன்று இருக்கிறது; வாசிப்பு இலக்குக்கு மேலேயா கீழேயா என்று எண் வாசிக்கத் தடுமாறுகிறவருக்கும் அது காட்டும். பாவித்த ஸ்ரிப்பைத் தொடாமல் தள்ளிவிட ஒரு பட்டனும் உண்டு. தனியாக இருந்து பார்க்கிற வயதானவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

வன் ரச் செலக்ற் பிளஸ் ஐந்து செக்கன் எடுக்கும், 1 மைக்ரோலீற்றர் கேட்கும். இதிலும் நிறக் குறி உண்டு. இதன் ஸ்ரிப்பில் குளுக்கோஸ் ஒக்சிடேஸ் என்ற நொதியம் இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் கூடினால், மெசின் அளக்கிற மின்னோட்டம் குறைந்துவிடும். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் வைத்திருக்கிற சுவாச நோயாளிக்கு வாசிப்பு உண்மையைவிடக் குறைவாக வர இடமுண்டு. மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

அக்கு-செக் அக்ரிவ் பழைய மாதிரி, இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மற்ற இரண்டும் மின்னோட்டத்தை அளக்க, இது ஸ்ரிப்பில் ஏற்படுகிற நிறமாற்றத்தை ஒளியால் வாசிக்கிறது. அதனால் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். ஸ்ரிப் நுழைகிற இடத்திலுள்ள சின்னக் கண்ணாடியில் இரத்தம் பட்டுக் காய்ந்தால் பிழைச் செய்தி வரும். மெல்லிய ஈரத் துணியால் துடைத்து உலர விட வேண்டும். துளியும் 1 முதல் 2 மைக்ரோலீற்றர் வேண்டும். வயலிலும் கடலிலும் வேலை செய்து தோல் தடித்த விரலிலிருந்து அவ்வளவு எடுப்பது சிரமம், ஸ்ரிப் வீணாகும். ஆனால் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: ஸ்ரிப்பின் பின்புறத்தில் வட்டமாக ஒரு சின்ன யன்னல் இருக்கிறது. இரத்தம் வைக்குமுன் அதன் நிறத்தைக் குப்பியில் அச்சிட்ட நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அந்த ஸ்ரிப் கெட்டுவிட்டது. வெக்கையான ஊரில் இது பெரிய உதவி.

எந்த மெசினும் ஆய்வுகூடம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரம் 2013இல் வைத்த எல்லை இது: ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 100 மி.கி.க்குக் கீழே என்றால் 15 மி.கி. கூடவோ குறையவோ, 100க்கு மேலே என்றால் 15 சதவீதம் கூடவோ குறையவோ, நூறு வாசிப்பில் 95 இதற்குள் விழ வேண்டும். உண்மையில் 200 இருந்தால் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் மெசின் சரி. ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு தடவை குத்தி 182, 196 என்று வந்ததும் மெசின் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஸ்ரிப்புக்கு வருவோம். நுனியில் தடவியிருக்கிற நொதியம் ஓர் உயிர்ப்பொருள். வெக்கையிலும் ஈரத்திலும் அது செத்துப்போகும். பெரும்பாலான குப்பிகளில் 30 பாகைக்குக் கீழே வைக்கவும் என்று எழுதியிருக்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் தகரக் கூரைக்கும் சீற்றுக் கூரைக்கும் கீழே பகல் இரண்டு மணிக்கு என்ன வெக்கை என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மாரியில் வேறு தொல்லை: மழை விட்டாலும் உடுப்புக் காயாத அந்த ஈரம். குப்பியின் உட்சுவரிலோ மூடியிலோ ஈரம் உறிஞ்சுகிற பொருள் பதித்திருக்கிறது. மூடி ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினால்தான் அது காப்பாற்றும். ஒரு ஸ்ரிப்பை எடுத்து உடனே மூடுங்கள், பிறகு விரலைக் குத்துங்கள். குப்பியைத் திறந்தபடி வைத்துவிட்டு ஊசியைத் தேடுவதுதான் வீடுகளில் நடக்கிற முதல் பிழை.

இன்சுலினை ஃபிறிட்ஜில் வைக்கிறோம், ஸ்ரிப்பையும் வைப்போம் என்பது இரண்டாவது பிழை. குளிர்ந்த குப்பியை வெளியே எடுத்துத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே பனித்துவிடும். ஸ்ரிப் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, எண் மட்டும் எங்கோ போகும். ஃபிறிட்ஜின் மேல்தட்டு, ரிவிக்குப் பக்கம், மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழுள்ள பெட்டி, ஓட்டோவின் முன்தட்டு எல்லாமே கூடாத இடங்கள். சுவர் ஓரமாக, யன்னல் வெயில் படாத அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லது. மூதூருக்கோ குச்சவெளிக்கோ வாங்கிக்கொண்டு போகிறவர் பெட்டியைக் கையோடு வைத்திருங்கள்; பஸ்ஸின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்க வேண்டாம்.

குப்பியைத் திறந்த நாளைப் பேனாவால் மேலே எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும். பெட்டிக்குள் இருக்கிற தாளில் இருக்கும். மூன்று மாதம்தான் என்று எழுதியிருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு தடவை பார்க்கிறவருக்கு மூன்று மாதத்தில் 26 ஸ்ரிப் போகும். 50 உள்ள பெட்டி மலிவு என்று வாங்கினால் பாதி வீண். அவருக்கு 25 உள்ள பெட்டியே இலாபம். இன்சுலின் போட்டு நாளுக்கு இரண்டு தடவை பார்க்கிறவருக்கு 50 பெட்டி 25 நாளில் முடியும், அவர் பெரிய பெட்டியே வாங்கலாம். பெட்டியின் விலையை எண்ணிக்கையால் பிரித்து, ஒரு குத்துக்கு எவ்வளவு என்று பார்த்தபின் மெசினைத் தெரிவு செய்யுங்கள்.

திறந்த குப்பியிலிருந்து ஐந்து, பத்து என்று எண்ணித் தந்தால் எங்கே என்றாலும் வாங்கக் கூடாது. எத்தனை தரம் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. கையில் காசு குறைவாக இருக்கிறவர்தான் அப்படி வாங்குகிறார், அவருக்கே பிழையான எண் போய்ச் சேர்கிறது. இது மனதுக்குக் கஷ்டமான விடயம்.

குத்துகிற முறை. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய கையோடு, வாழைப்பழம் உரித்த கையோடு பார்த்தால் விரலில் ஒட்டியிருக்கிற சீனியும் சேர்ந்து 300 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. ஸ்பிரிற் பஞ்சால் துடைப்பது மட்டும் பழச்சீனிக்குப் போதாது, தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் கிடைக்காவிட்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், நோவு குறையும். குத்துமுன் கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக நீவிவிட்டால் இரத்தம் தானாக வரும். நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்துவிடும். துளியை ஸ்ரிப்பின் மேல் பூசாமல் அதன் நுனியைத் துளியில் தொட வையுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். அக்ரிவ் ஸ்ரிப்பில் மட்டும் மேலே வைக்க வேண்டும்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் மெசின் அனுப்பி வைக்கிறார்கள். அன்புதான், ஆனாலும் இரண்டு சிக்கல். அங்கத்தைய மெசின் மில்லிமோலில் காட்டும், இங்கே கிளினிக் கொப்பியில் மி.கி.யில் எழுதுவார்கள். 18ஆல் பெருக்க வேண்டும்: 3.9 என்றால் 70, 7 என்றால் 126, 10 என்றால் 180. திரையில் 14 என்று பார்த்துவிட்டு சீனி இறங்கிப்போச்சு என்று கோப்பை நிறையத் தேத்தண்ணி கொடுத்தால், ஏற்கெனவே 252 இருக்கிறவருக்கு மேலும் ஏற்றுகிறோம். அடுத்தது ஸ்ரிப். அந்த மாதிரிக்கு இங்கே ஸ்ரிப் கிடைக்காவிட்டால் முதல் குப்பியோடு மெசின் அலுமாரிக்குள் போய்விடும். பழைய மெசினை அனுப்பினால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஜி.டி.எச்.-பி.கியூ.கியூ. என்ற நொதியம் உள்ள ஸ்ரிப், மோல்ற்றோஸ் என்ற வேறு சீனியையும் குளுக்கோஸ் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். உடம்பில் மோல்ற்றோஸாக உடைகிற ஐக்கோடெக்ஸ்ரின் திரவத்தால் வயிற்று வழி டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு அது உயிராபத்து. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 13 மரணங்களைக் காட்டி எச்சரித்தது. சிறுநீரக நோயாளி இருக்கிற வீட்டில் பழைய ஸ்ரிப்பின் தாளை வாசிக்காமல் பாவிக்க வேண்டாம்.

மெசின் சரியா என்று பார்க்க ஆய்வுகூடத்தோடு ஒப்பிடலாம், ஆனால் வெறும் வயிற்றில் மட்டும். இரத்தம் எடுக்கப் போகும்போது மெசினையும் கொண்டுபோய், அங்கே இரத்தம் எடுத்த அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் பாருங்கள். வீட்டில் ஏழு மணிக்குப் பார்த்ததையும் கிளினிக்கில் ஒன்பது மணிக்கு எடுத்ததையும் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. சாப்பிட்ட பின் விரல் இரத்தத்தில் சீனி நாள இரத்தத்தைவிடக் கூடத்தான் இருக்கும். இரத்தச்சோகை உள்ளவருக்கும் மெசின் கூட்டிக் காட்டும்.

பார்க்கிற நேரத்தையும் யோசித்துப் பிடியுங்கள். தினமும் காலையில் மட்டும் குத்தினால் பாதிப் படம்தான். ஒரு நாள் பிட்டுக்கு முதல் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று. இன்னொரு நாள் அதே அளவு குரக்கன் பிட்டுக்கு. இரண்டு சோடி எண்ணையும் கொப்பியில் எழுதினால் எது உங்கள் உடம்பில் ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மணித்தியால எண் 180க்குக் கீழே இருந்தால் நல்லது. கை நடுங்கி வியர்த்து, மெசினில் 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். ஆள் மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழானில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களில் பெரும்பாலானோரின் முடிவு. 70க்குக் கீழே இறங்கினால் அல்லது 300க்கு மேலே ஏறினால் நோன்பைத் திறக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். இன்சுலினோ கிளிபென்கிளமைட் மாத்திரையோ எடுக்கிறவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு, இஃப்தாருக்கு முந்திய அந்த மணித்தியாலங்களில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குத்தாமலே சீனி காட்டும் என்று இணையத்தில் விற்கிற கைக்கடிகாரமும் மோதிரமும் வேண்டவே வேண்டாம். அப்படி எந்தச் சாதனத்துக்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் சொன்னது.

எங்கள் தீர்ப்பு: தனியாக இருக்கிற முதியவருக்கு இன்ஸ்ரன்ற், ஒட்சிசன் பாவிக்காத எவருக்கும் செலக்ற் பிளஸ், ஏற்கெனவே அக்ரிவ் இருந்தால் மாற்றத் தேவையில்லை. எதை வாங்கினாலும் அதன் ஸ்ரிப் உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் நீட்டுகிற பெட்டியின் முடிவுத் திகதியைப் பாருங்கள், பெட்டி வெயில் விழுகிற கண்ணாடி அலுமாரியிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். இன்சுலினை இலவசமாகக் கொடுக்கிற கிளினிக், அதைப் போடுகிறவருக்கு மாதம் ஒரு குப்பி ஸ்ரிப்பும் கொடுக்க வேண்டும். அளவு தெரியாமல் போடுகிற இன்சுலின் ஆளை விழுத்தும், விழுந்தவரைப் பார்க்கிற செலவும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஊசியை ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்கக் கூடாது, கணவன் மனைவி என்றாலும். குத்துகிற பேனாவையும் ஆளுக்கு ஒன்று வையுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே ‘ஊசி’ என்று எழுதி, கிளினிக் நாளில் தாதியிடம் கேட்டு ஒப்படையுங்கள். குப்பைப் பையில் போனால் குத்தப்போவது நகரசபைத் தொழிலாளியின் கை.