ஜே-1 ஸ்டாம்பிங்குக்கு ஏஜென்ட் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ஆராய்ச்சி செய்துகொண்டு வருஷா வருஷம் ஊருக்கு வந்து போகிறவர்கள், சென்னையில் யாரிடமாவது பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஜே-1 தகுதிச் சான்றான டிஎஸ்-2019 படிவத்தைப் பல்கலைக்கழகம் நீட்டித்துக் கொடுத்தாலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா தானாக நீளாது. அங்கேயே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது காலாவதியான பிறகு ஊருக்கு வந்துவிட்டால், புது ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவது) இல்லாமல் திரும்ப ஏற முடியாது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த ஏஜென்ட்கள் பிழைப்பே ஓடுகிறது.

அத்தானுக்குத் தெரிந்த இடம் என்று போன அக்டோபரில் ஒரு கன்சல்டன்சியில் பேசினேன். 2025 செப்டம்பர் 2 முதல் ஜே-1-க்கும் நேர்காணல் கட்டாயமாகிவிட்டதே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் புதுசா போறவங்களுக்கு சார், ரினீவலுக்கு டிராப்பாக்ஸ் எடுத்துத் தர்றோம்" என்றார் அந்தப் பெண். டிராப்பாக்ஸ் என்றால் நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் கொடுத்து விசா வாங்குவது. அவர் சொன்னது சுத்தப் பொய். 35,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கினார்கள். விசா கட்டணம் 185 டாலர் தனி. அதோடு செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர்களைப் பதிந்து கண்காணிக்கும் அமெரிக்க அரசு முறை) கட்டணம் 220 டாலர் என்று இன்னொரு தொகை. அதே புரோகிராமில் தொடர்கிறவர் செவிஸ் மறுபடி கட்டவே வேண்டாம்!

பெரிய வில்லங்கம் அவர்கள் நிரப்பிய டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பத்தில். கேட்டுக் கேட்டு வாங்கிய பிடிஎஃப்பைத் திறந்தால், சமூக வலைத்தளக் கணக்குகள் என்ற இடத்தில் 'எதுவும் இல்லை'. ஜூன் 2025-லிருந்து ஜே விசாக்காரர்கள் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். எனக்கோ லிங்க்ட்இன் முதல் எல்லாம் இருக்கிறது. 'விண்ணப்பத்தை நிரப்ப யாராவது உதவினார்களா' என்ற கேள்விக்கும் 'இல்லை'. கீழே மின்கையெழுத்து என் பெயரில். நாளைக்கு அதிகாரி கேட்டால் பொய் சொன்னது நானாகத்தான் இருப்பேன்.

புது டிஎஸ்-160 நானே நிரப்பினேன். அந்த எண்ணை அப்பாயின்ட்மென்ட் கணக்கில் மாற்றப் போனால் பாஸ்வேர்ட், மின்னஞ்சல், பாதுகாப்புக் கேள்விகள் எல்லாமே மாறியிருந்தன. போன் போட்டால், "பேலன்ஸ் போட்டுட்டா லாகின் தந்துடுவோம் சார்." பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் கட்டண ரசீதையும் இணைத்து அதிகாரப்பூர்வ ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதித்தான் கணக்கை மீட்டேன். அதற்குள் டிக்கெட் தேதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது, தண்டச் செலவு.

பாட் (தானாக இயங்கும் மென்பொருள்) வைத்து ஸ்லாட் (நேர்காணல் நேரம்) பிடிக்கிறோம் என்று பெருமையாக வேறு சொன்னார்கள். மார்ச் 2025-ல் டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அப்படிப் பிடித்த சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை ரத்து செய்து, அந்தக் கணக்குகளையும் முடக்கியது. பாட் அவர்களுடையது, முடங்கும் கணக்கு நம்முடையது.

இன்னொன்று: அவர்கள் கொடுத்த செக்லிஸ்டில் அப்பாவின் நிலப் பத்திரம்கூட இருந்தது. டிஎஸ்-2019-ல் பயணக் கையெழுத்து இருக்கிறதா, அது ஒரு வருஷம் தாண்டாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் பல்கலைக்கழகத்தில் அதை வாங்கிவிடுங்கள். நம்ம ஊரிலிருந்துகொண்டு வாங்குவது அலைச்சல்.

ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து விசா வந்துவிட்டது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்த பிறகு செவிஸ் பெயரில் வாங்கியதை மட்டும் திருப்பினார்கள். முன்பணத்துக்கு அவர்கள் கொடுத்த ரசீதில் 'ஆவண ஆலோசனை' என்றுதான் போட்டிருக்கிறது. அதைக் காட்டி இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.