கடல்நீரா, மழைநீரா, கழிவுநீரா?

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இரவு இரண்டு மணிக்கும் குடங்கள் வரிசையில் நின்றன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அடுத்த வறட்சிக்குச் சென்னை எதை நம்பியிருக்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அரசு அதிகம் நம்புவது கடலை. கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010இலும் நெம்மேலி ஆலை 2013இலும் வந்தன. இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் திறனில் கட்டப்பட்டவை. 2024இல் நெம்மேலியில் இன்னும் 15 கோடி லிட்டர் சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்பது உண்மை. 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதை அனுபவித்தவர்கள் அதை மறுக்க முடியாது.

ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரைக் கடும் அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளினால்தான் நன்னீர் பிரியும். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 40 யூனிட்டைத் தாண்டுகிறது. அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரிப் புகை பூமியைச் சூடாக்குகிறது. சூடேறும் பூமியில் மழை இன்னும் தாறுமாறாகிறது. மழை தவறியதும் மறுபடி கடலிடம் ஓடுகிறோம். எஞ்சும் அடர்ந்த உப்புநீரும் கடலுக்கே திரும்புகிறது. நெம்மேலி ஆலையால் கடல் அரிப்பு கூடிவிட்டது என்று சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். அந்த முறையீடு எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் 1,30,000 லிட்டர் விழுகிறது. 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. சட்டம் போட்டோம், குழி வெட்டினோம், மறந்துவிட்டோம். எங்கள் குடியிருப்பின் குழியை 2019 ஆவணியில் திறந்தபோது உள்ளே சிமென்ட் பால் இறுகிய ஜல்லி, பால் கவர்கள், ஒற்றைக் குழந்தைச் செருப்பு, அதற்கும் கீழே இடுப்பளவு வண்டல். இரண்டு பேர் அரை நாள் வாரினார்கள். புதுக் கருங்கல் ஜல்லியும் மணலும் போட்டு மூடினோம். எட்டு முழம் கயிறு இறங்கிய கிணற்றில் கார்த்திகையில் நான்கு முழத்திலேயே வாளி நனைந்தது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குக் குழி போல ஊருக்கு ஏரியும் சதுப்பு நிலமும். பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியிருப்பது சிறு பகுதி. 2022இல் அது ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் வீடுகளைக் கட்டியதால் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்தோம், 2019இல் குடம் தூக்கினோம். நவம்பரில் கடலுக்கு ஓடவிட்ட நீரை மே மாதம் நிலக்கரி எரித்து அதே கடலிலிருந்து மீட்கிறோம்.

கழிவுநீரைப் பற்றிப் பேசப் பலரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் வறட்சியிலும் அது தினமும் வருகிறது. மணலியின் உர ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலேயே அதைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா நான்கரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரும் நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவு நன்னீர் மக்களுக்கு மிச்சமாகிறது. உப்பு குறைவாக இருப்பதால் கடல்நீரைவிட மின்சாரமும் குறைவு.

ஆகவே என் வரிசை இது: தொழிற்சாலைக்குக் கழிவுநீர், வீட்டுக்கு மழை, மழை தவறும் ஆண்டுக்கு மட்டும் கடல். பேரூருக்குப் பிறகு இன்னொரு ஆலைக்குப் பணம் ஒதுக்கும் முன், ஏரிகளின் வரத்துக் கால்வாய்களை மீட்க ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன்.

எங்கள் குழியை மறுபடி திறக்க ஆட்களிடம் சொல்லியாகிவிட்டது. மாடிக் குழாய் வலையை வேப்பஞ்சருகு அடைத்திருக்கிறது. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.