செரமிக் பந்துக்கு எந்தக் கிண்ணம்: செரமிக்கா, பிளாஸ்டிக்கா?

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது "செரமிக் போடுவோமா?" என்று வைத்தியர் கேட்டால், அந்தக் கேள்விக்குள் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டின் நுனியில் ஏறும் பந்து இரண்டிலும் செரமிக்தான். அது உருளும் கிண்ணத்தின் உள்ளுறையும் செரமிக்கா, இல்லை குறுக்குப்பிணைப்பு ஏற்றிய (கதிர்வீச்சால் மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்த) பொலிஎதிலீன் பிளாஸ்டிக்கா என்பதுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் எடுத்தது பிளாஸ்டிக் உள்ளுறை. இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கும் அதையே சொல்வேன்.

தேய்மானக் கணக்கில் செரமிக்–செரமிக் சோடியை எதுவும் வெல்லாது. சரியாகப் பொருத்தினால் வருடத்துக்குச் சில மைக்ரோன்தான் (ஒரு மைக்ரோன் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேயும். 1960களில் ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி பரவலாக்கிய பழைய வகைப் பிளாஸ்டிக்கோ வருடத்துக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. தேய்ந்தது. அந்தத் தூளை உடலின் கலங்கள் விழுங்க, அதனால் கிளம்பும் அழற்சியில் மூட்டைச் சுற்றிய எலும்பு கரைந்து, கிண்ணமும் தண்டும் ஆடத் தொடங்கின. பிளாஸ்டிக் என்றதும் பலர் பின்வாங்குவது இந்தப் பழைய கதையால். 1990களின் கடைசியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பிளாஸ்டிக் பொதுவாக வருடத்துக்கு 0.05 மி.மீ.க்கும் குறைவாகவே தேய்கிறது. அந்த அளவுக்குக் கீழே எலும்பு கரைவது அரிது.

செரமிக் கெடுவது பெரும்பாலும் விளிம்பில். பந்து கிண்ணத்தின் நடுப்பரப்பில் உருளும்வரை இடையில் மெல்லிய திரவப் படலம் நிற்கும். கிண்ணத்தை 40 முதல் 45 பாகைச் சாய்விலும் 15 பாகை அளவு முன்திருப்பத்திலும் (கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) வைப்பதே வழக்கமான இலக்கு. அது 50 பாகைக்கு மேல் நிமிர்ந்துவிட்டால் பந்து விளிம்பில் ஏறி அழுத்தும், திரவப் படலம் அறும், பந்தில் பட்டையாகத் தேய்மானம் விழும், நடக்கும்போது கீச்சிடும். கீச்சொலி எல்லாமே உடைவின் அறிகுறி அல்ல. பலருக்கு நோவில்லாமல் வந்து போகும். புதிதாகத் தொடங்கிய ஒலியோடு நோவும் சேர்ந்தால் மட்டும் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

தண்டின் கழுத்து கிண்ண விளிம்பில் இடிப்பது இன்னொரு வழி. குந்தியிருந்து களை பிடுங்குவது, குந்தும் மலசலகூடம், சப்பாணி கட்டிச் சாப்பிடுவது எல்லாம் மூட்டை அதன் எல்லைவரை மடிக்கும் வேலைகள். இடிபடும்போது பிளாஸ்டிக் விளிம்பு நசிந்து தழும்பாகும். செரமிக் விளிம்பு தெறிக்கும். குந்த வேண்டாம் என்று வைத்தியர் சொல்லத்தான் செய்வார். வயலும் வளவும் உள்ள ஒருவர் அதைப் பத்து வருடம் தவறாமல் கடைப்பிடிப்பார் என்ற நம்பிக்கையில் மூட்டைத் தெரிவு செய்வது சரியல்ல. எந்த உள்ளுறை என்றாலும் வீட்டில் கொமட் வைப்பது முதல் செலவாக இருக்கட்டும்.

உடைவு எவ்வளவு அரிது? இங்கிலாந்து, வேல்ஸை உள்ளடக்கிய தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. முந்தைய தூய அலுமினா (அலுமினியம் ஒக்சைட்டு) செரமிக் பந்துகளில் 0.119% உடைந்தன, சிர்க்கோனியா கலந்த இன்றைய இளஞ்சிவப்புச் செரமிக்கில் அது 0.009%. உள்ளுறைகளில் பழையது 0.112%, புதியது 0.126%. பந்து பத்து மடங்குக்கு மேல் உறுதியாகியிருக்க, உள்ளுறையில் முன்னேற்றமே இல்லை. உள்ளுறை பொருத்தும்போதே சரிந்து உட்கார்ந்தால் அல்லது விளிம்பு தெறித்தால், பொருள் எவ்வளவு வலிமையாக இருந்தும் பயனில்லை. செரமிக் பந்தோடு பிளாஸ்டிக் உள்ளுறையைச் சேர்ப்பவர் அந்த முன்னேற்றத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, முன்னேறாத பகுதியை விட்டுவிடுகிறார்.

இந்த விழுக்காடுகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கெட்டபின் என்ன நடக்கும் என்பதுதான்.

செரமிக் உடைந்தால் கூரிய துண்டுகளும் தூளும் சுற்றியுள்ள தசைக்குள் பரவும். மூட்டின் உட்சவ்வை முழுதாக வெட்டியெடுத்துக் கழுவினாலும் எல்லாம் வெளியே வராது. இந்த நிலையில் கோபால்ட்–குரோம் உலோகப் பந்தைப் போட்டால், மிஞ்சிய செரமிக் தூள் அதை அரத்தைப்போல் அராவும். இரத்தத்தில் கோபால்ட் ஏறி இதயம், செவி, பார்வை பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஆகவே உடைந்த செரமிக்குக்குப் பதில் மறுபடியும் செரமிக் பந்துதான் போடவேண்டும். உடைந்த பந்து தண்டின் கூம்பு நுனியைக் கீறியிருந்தால் புதியதை நேரே ஏற்ற முடியாது. டைட்டேனியம் உறை உள்ள பந்து வேண்டும். கூம்பு மோசமாகச் சிதைந்திருந்தால் எலும்போடு இறுகிப் பிடித்த தண்டையே, சில வேளை தொடையெலும்பைப் பிளந்து, கழற்றவேண்டிவரும். இதைத் தள்ளிப்போடவும் முடியாது. ஒவ்வொரு அடியும் துண்டுகளை மேலும் அரைக்கும். துணுக்காயிலோ முல்லைத்தீவின் கரையோரத்திலோ இருப்பவர், இந்த வேலையைச் செய்து பழகிய சத்திரசிகிச்சை நிபுணரையும் பொருத்தமான பந்தையும் ஒரே இடத்தில் தேடி உடனே புறப்படவேண்டும்.

பிளாஸ்டிக் தேய்ந்தால் கதை வேறு. வெளிக் கிண்ணம் உறுதியாக நின்று, உள்ளுறையைப் பூட்டும் பகுதியும் பழுதில்லை என்றால், உள்ளுறையையும் பந்தையும் மட்டும் மாற்றலாம். அதுவும் பல வருட முன்னறிவிப்போடு வரும். காலபோக அறுவடை முடியட்டும் என்று நாள் பார்த்துப் போகலாம்.

அந்த முன்னறிவிப்பு எக்ஸ்ரேயில் மட்டும்தான் தெரியும் என்பதே பிளாஸ்டிக்கின் பெரிய குறை. எலும்பு கரைவது நோவில்லாமல் நடக்கும். முதல் வருடம், ஐந்தாம் வருடம், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று படம் எடுத்து, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எங்கள் பகுதியில் இடுப்பிலும் தொடையிலும் போரில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டோடு வாழ்பவர்கள் பலர். அவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முந்திய படமும் உடனே பிந்திய படமும் இரட்டிப்பு முக்கியம். புதிதாகத் தெரியும் வெண்புள்ளி பழைய துண்டா, செரமிக் சிதறலா என்று அவை இல்லாமல் பிரித்தறிவது கடினம்.

பிளாஸ்டிக்கிலும் கவனிக்க இரண்டு உண்டு. குறுக்குப்பிணைப்பு ஏற ஏற அது முறியும் தன்மையும் பெறும். சிறிய உடம்புக்காரருக்குச் சிறிய கிண்ணம்தான் கொள்ளும். அதற்குள் 36 மி.மீ. பந்து வைத்தால் உள்ளுறை மெலிந்து விளிம்பு வெடிக்கலாம். அங்கே 32 மி.மீ. நல்லது. பொதியில் உள்ள காலாவதித் திகதியையும் கேளுங்கள். கதிர்வீச்சு ஏற்றிய பிளாஸ்டிக் இருப்பில் கிடந்தும் ஒக்சிசனேற்றத்தால் நலியக்கூடும்.

குறுக்குப்பிணைப்புப் பிளாஸ்டிக்கின் அனுபவம் கால் நூற்றாண்டு சொச்சம்தான். நாற்பது வருடம் தாங்கவேண்டிய முப்பது வயதுக்காரருக்கு அதை வைத்து உறுதி சொல்ல முடியாது. அவருக்குச் செரமிக் உள்ளுறை நியாயமான தெரிவு, அதை வழக்கமாகப் போடுபவரிடம் செய்வதென்றால். கூம்பில் இரத்தமும் கொழுப்பும் ஈரமும் இல்லாமல் துடைத்து, பிளாஸ்டிக் முனையால் பந்தைத் தட்டி ஏற்றவேண்டும். கீழே விழுந்த பந்தைப் பாவிக்கக்கூடாது. "12/14" என்று ஒரே பெயரில் வரும் கூம்புகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஒருவரின் தண்டில் இன்னொருவரின் பந்தை ஏற்றுவதே உடைவுக்கு வழி.

எதைப் போட்டாலும், தண்டு, பந்து, உள்ளுறை, வெளிக் கிண்ணம் ஒவ்வொன்றின் பொதியிலும் தயாரிப்பாளர், அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டி இருக்கும். ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். பதினைந்து வருடம் கழித்து இன்னொரு வைத்தியசாலையில் உள்ளுறையை மட்டும் மாற்ற நினைக்கும் நிபுணர், எந்தக் கிண்ணம் என்று தெரியாவிட்டால், உறுதியாக இருக்கும் கிண்ணத்தையும் சேர்த்துக் கழற்ற நேரிடும்.